வெள்ளைப்படுதலும் உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்களும்: டர்பன் ஆய்வுகள் சொல்வது என்ன?

2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மருத்துவச் செய்தி வந்தது. பெண்களை விடாமல் தொல்லைப்படுத்தும் ஒரு வகை வெள்ளைப்படுதலுக்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. கணவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்றது அந்த ஆய்வு. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் எழும். அப்படியானால் இது கணவர் வெளியே போய்க் கொண்டுவந்த நோயா? அதே சந்தேகம் மனைவியின் மேல் திரும்பும் வீடுகளும் உண்டு.

இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாதபடி தடுப்பது நம்முடைய சொல்தான். ‘வெள்ளைப்படுதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்களையும், நோயே இல்லாத இயல்பான கசிவையும் சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெண்ணுறுப்புக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இந்த விஷயம் தொலைதூரத்துச் செய்தியும் அல்ல. இந்தத் துறையை மாற்றிய ஆய்வுகளில் சில டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தை ஒட்டியிருக்கும் உம்லாசியில் நடந்தவை.

## முதலில், இயல்பு எது?

பெண்ணுறுப்பு எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். பருவம் எய்திய பெண்ணுக்குத் தினமும் கொஞ்சம் கசிவு இருப்பது ஆரோக்கியம். மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில், கருமுட்டை வெளிவரும் சமயத்தில், அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் இழுபடக்கூடியதாகவும் இருக்கும். மற்ற நாட்களில் கெட்டியாக, பால்நிறமாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் அளவு கூடும். அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், வழக்கத்துக்கு மாறான நிறம் ஆகியவை இல்லாதவரை அதற்கு மருந்து தேவையில்லை. ‘உடம்பின் சத்து வெளியே போகிறது’ என்று பயந்து மெலிந்துபோகும் பெண்களை நம் குடும்பங்களில் பார்க்கிறோம். அந்தக் கசிவில் போவது நீர், சளிப்படலம், உதிர்ந்த செல்கள், நுண்ணுயிர்கள் மட்டுமே. சத்து எதுவும் போவதில்லை.

இந்த ஈரத்தில் ஒரு காவல் இருப்பதை 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் எழுதி வைத்தார். ஆரோக்கியமான பெண்களின் கசிவில் குச்சி வடிவப் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதையும், அவை அமிலம் சுரப்பதையும், அந்த அமிலம் மற்ற கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதையும் அவர் கண்டார். இன்று அவற்றை லாக்டோபசிலஸ் என்கிறோம். வேலை நடக்கும் விதம் இது:

1. சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், பெண்ணுறுப்பின் உட்சுவரிலுள்ள செல்களில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கச் செய்கிறது.

2. அந்தச் செல்கள் உதிரும்போது கிளைகோஜன் வெளியே வந்து சிறு சிறு சர்க்கரைகளாக உடைகிறது.

3. லாக்டோபசிலஸ் அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. பால் தயிராகப் புளிப்பதும் இதே வகை மாற்றம்தான்.

4. அந்த அமிலத்தால் பெண்ணுறுப்பின் பி.எச் அளவு 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. பி.எச் என்பது புளிப்பை அளக்கும் அளவுகோல். 7 என்றால் நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஏறக்குறைய ஒரு தக்காளியின் புளிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட பாக்டீரியாக்களால் பெருக முடியாது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் காவல் தளரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் கண்ணியே மெலிகிறது. வறட்சியும் எரிச்சலும் அந்த வயதில் வருவதற்கு இது முக்கியக் காரணம். மாதவிடாய் இரத்தமும் ஆணின் விந்தும் புளிப்பில்லாதவை என்பதால் அந்தச் சமயங்களில் பி.எச் தற்காலிகமாக ஏறும். வேறு நோய்க்குச் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரை லாக்டோபசிலஸையும் சேர்த்துக் கொன்றுவிடலாம்.

குடலோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு தெரியும். குடலில் எத்தனை வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றனவோ அத்தனை நல்லது என்கிறார்கள். பெண்ணுறுப்பில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரே குடும்பம் ஆட்சி செய்தால் அமைதி. பல கூட்டம் புகுந்தால் கலகம்.

## ஒரே லாக்டோபசிலஸ், நான்கு குணம்

2011-இல் அமெரிக்காவில் ஜாக் ரவெலும் சக ஆய்வாளர்களும் 396 பெண்களின் மாதிரிகளை மரபணு முறையில் படித்து, நுண்ணுயிர்க் கூட்டங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நான்கு வகைகளில் ஏதாவது ஒரு லாக்டோபசிலஸ் தலைமை வகிக்கிறது: கிறிஸ்பேட்டஸ், காசெரி, ஜென்செனி, இனெர்ஸ். ஐந்தாவது வகையில் லாக்டோபசிலஸ் குறைவு. கார்ட்னரெல்லா, பிரிவோட்டெல்லா போன்ற, காற்றில்லாமல் வாழக்கூடிய பாக்டீரியாக்கள் கலந்து கிடக்கின்றன. இதைக் கலவைக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு காவலர்களும் ஒரே திறமையுடையவர்கள் அல்லர். கிறிஸ்பேட்டஸ் கெட்டிக்காரன், அது இருக்கும் பெண்களின் பி.எச் நன்றாகக் குறைந்து, நிலையாக நிற்கிறது. இனெர்ஸ் பெயருக்குத்தான் காவலாளி. லாக்டிக் அமிலத்தில் ‘டி’, ‘எல்’ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பாதுகாப்புக்கு அதிகம் உதவும் ‘டி’ வடிவத்தை இனெர்ஸால் செய்ய முடியாது. கலவைக் கூட்டம் நுழையும்போது அதோடு அனுசரித்துப் போய்விடும் குணமும் அதற்கு உண்டு.

அந்த ஆய்வில் வெள்ளைக்காரப் பெண்களிலும் ஆசியப் பெண்களிலும் பெரும்பாலோருக்கு லாக்டோபசிலஸ் தலைமை இருந்தது. கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேருக்குத்தான் இருந்தது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ‘இந்த இனம் சுத்தமில்லாதது’ என்ற பழைய அவதூறுக்கு அறிவியல் முலாம் பூசக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் மனிதர்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய வரலாற்றை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலவைக் கூட்டம் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழும் பெண்கள் ஏராளம். அதே பெண்ணிடம் அடுத்த மாதம் வேறு கூட்டம் இருக்கலாம்.

## ஒரே பெயரில் ஒளிந்திருக்கும் மூன்று நோய்கள்

1. பாக்டீரியா வெஜினோசிஸ். குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். உலக அளவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு உண்டு. வெளியிலிருந்து ஒரு கிருமி படையெடுத்து வந்து உண்டாக்கும் நோய் என்று இதைச் சொல்வது கடினம். லாக்டோபசிலஸ் குறைந்து, கலவைக் கூட்டம் பல மடங்கு பெருகி, பி.எச் 4.5-க்கு மேல் ஏறும் சீர்குலைவு இது. கசிவு மெல்லியதாக, சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும். மீன் வாடை வீசும். உடலுறவுக்குப் பிறகும் மாதவிடாயின்போதும் அது கூடும். அந்த வாடைக்குக் காரணம் இந்தப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமீன்கள். அவற்றுள் ஒன்றான டிரைமெத்திலமீன்தான் கெட்டுப்போன மீனிலும் நாறுவது. அரிப்பு அதிகம் இருக்காது. பாதிப்பேருக்கு அறிகுறியே தெரியாது.

2. கேண்டிடா பூஞ்சை. இது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் வகைப் பூஞ்சை. வாழ்நாளில் ஒரு முறையாவது வராத பெண்கள் குறைவு. நான்கில் மூவருக்கு வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. கடுமையான அரிப்பு, சிவப்பு, எரிச்சல், திரிந்த பால் போன்ற கட்டியான வெள்ளை. வாடை இருக்காது. கவனிக்க வேண்டியது: இதில் பி.எச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். லாக்டோபசிலஸ் முழுக் காவலில் இருக்கும்போதே கேண்டிடா பெருகக்கூடும். ஆகவே ‘நல்ல பாக்டீரியா குறைந்ததால்தான் எல்லாம் வருகிறது’ என்ற விளக்கம் இதற்கு முழுமையாகப் பொருந்தாது.

3. டிரைக்கோமோனாஸ். வாலுள்ள ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. உடலுறவால் பரவும் நோய் என்பதில் சந்தேகமில்லை. மஞ்சளோ பச்சையோ கலந்த, சிலசமயம் நுரைத்த கசிவு, எரிச்சல், வாடை. பி.எச் ஏறியிருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அதனால் துணைவருக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

இவற்றைத் தவிர, உடலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டும் கருப்பை வாயைப் பாதித்துக் கசிவை உண்டாக்கும். கிளமிடியா சத்தமில்லாமல் வந்து கருக்குழாயைச் சேதப்படுத்தக்கூடியது.

மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. பாக்டீரியா வெஜினோசிஸுக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் மெட்ரோனிடசோல் என்ற ஒரே மருந்து உதவினாலும், கொடுக்கும் முறையும் துணைவர் விஷயமும் வேறு. கேண்டிடாவுக்கு க்ளோட்ரிமசோல், ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள். கெமிஸ்ட் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் பெண்கள் வாங்கி வருவது பெரும்பாலும் இந்தப் பூஞ்சை மருந்தைத்தான். தானாகவே பூஞ்சை என்று முடிவுசெய்து இப்படி மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்காவில் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்றவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது வேறு சிகிச்சை.

## உம்லாசியில் கண்டது

தென்னாப்பிரிக்காவில் சுமார் 80 லட்சம் பேர் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறார்கள். டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சுமை மிக அதிகம், அதிலும் இளம்பெண்கள். ஒரே வயதுள்ள ஆண்களைவிடப் பெண்களுக்கு இவ்வளவு கூடுதலாக ஏன் தொற்றுகிறது? வயதில் மூத்த ஆண்களோடு உறவு, வறுமை, வன்முறை என்று சமூகக் காரணங்கள் பல உண்டு. உடலுக்குள்ளும் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று தேடியது உம்லாசியின் ‘ஃபிரெஷ்’ ஆய்வு.

18 முதல் 23 வயதுவரையுள்ள, எச்.ஐ.வி. இல்லாத பெண்கள் வாரம் இரண்டு முறை அந்த மையத்துக்கு வந்தார்கள். விரலில் துளி இரத்தம் எடுத்துச் சோதனை. கூடவே வாழ்க்கைத்திறன் வகுப்பு, வேலைக்கான பயிற்சி. பெண்களிடமிருந்து மாதிரியை எடுத்துக்கொண்டு அவர்களைத் திருப்பியனுப்பிவிடாமல், அவர்களுடைய வாழ்வுக்கும் எதையாவது கொடுத்தது என்பதால் இந்த ஆய்வின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பாஸ்டனின் ராகோன் நிறுவனத்தார் மாதிரிகளைப் படித்தார்கள்.

இரண்டு முடிவுகள் வந்தன.

1. 2015-இல் வெளியானது: இந்த ஆரோக்கியமான இளம்பெண்களில் லாக்டோபசிலஸ் தலைமை இருந்தவர்கள் பத்தில் நான்கு பேர்கூட இல்லை. கலவைக் கூட்டம் இருந்தவர்களின் பெண்ணுறுப்பில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் மிகுந்திருந்தன.

2. 2017-இல் வெளியானது: 236 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், கலவைக் கூட்டம் இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம், கிறிஸ்பேட்டஸ் தலைமை இருந்தவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

எப்படி? எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் குடிபுகத் தேடுவது சி.டி.4 என்ற வெள்ளையணுக்களை. அழற்சி ஏற்பட்டால் உடல் அந்த இடத்துக்கு வெள்ளையணுக்களைக் குவிக்கும். சண்டைக்கு அனுப்பிய வீரர்களே எதிரிக்குத் தங்குமிடமாகிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், கலவைக் கூட்டத்தின் சில பாக்டீரியாக்கள் சியாலிடேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து, கிருமிகளைச் சிக்கவைக்கும் சளிப்படலத்தை அரித்துவிடுகின்றன. வாசலும் திறந்தது, வலையும் கிழிந்தது. மற்றத் தொற்றுகளுக்கும் இதே வழி திறக்கிறது: பாக்டீரியா வெஜினோசிஸ் உள்ள பெண்களுக்குக் கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ் எளிதில் தொற்றுகின்றன. கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயமும் இதோடு தொடர்புடையது.

## மருந்தைத் தின்ற பாக்டீரியா

இதைவிடவும் எதிர்பாராத ஒன்று டர்பனில் தெரியவந்தது. 2010-இல் கேப்ரிசா ஆய்வு நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. டர்பனிலும் கிராமப்புறமான வுலிண்ட்லெலாவிலும் 889 பெண்களிடம் நடத்திய சோதனையில், உடலுறவுக்கு முன்னும் பின்னும் பெண்ணுறுப்பில் வைத்துக்கொள்ளும், எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் கலந்த ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 விழுக்காடு குறைத்தது. ஆணின் சம்மதத்தைக் கேட்காமல் ஒரு பெண் தானே பயன்படுத்தக்கூடிய பாதுகாப்பு என்பதால் உலகமே அதைக் கவனித்தது. ஆய்வை நடத்திய குர்ரைஷா அப்துல் கரீம் டர்பனுக்கு வடக்கேயுள்ள டோங்காட்டில் பிறந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

ஏன் 39 மட்டும்? பெண்கள் ஜெல்லை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பது ஒரு பெரிய காரணம். அடுத்து வந்த பெரிய ஆய்வுகளில் ஜெல் தோற்றதற்கும் அதுவே முக்கியக் காரணம். ஆனால் 2017-இல் அதே கேப்ரிசா மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. லாக்டோபசிலஸ் தலைமை இருந்த பெண்களிடம் ஜெல் 61 விழுக்காடு பாதுகாப்புத் தந்திருந்தது. கலவைக் கூட்டம் இருந்த பெண்களிடம் 18 மட்டுமே. கார்ட்னரெல்லா என்ற பாக்டீரியா டெனோஃபோவிர் மருந்தையே வேகமாகச் சிதைத்துவிடுகிறது. செல்லுக்குள் மருந்து போய்ச் சேருமுன் பாக்டீரியா அதைத் தீர்த்துவிடுகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. இந்தச் சிதைவு உள்ளே பூசும் டெனோஃபோவிர் ஜெல்லைப் பற்றியது. வாயால் சாப்பிடும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரத்தம் வழியாகத் திசுவை அடைகிறது. பாக்டீரியா வெஜினோசிஸ் இருந்தாலும் அதன் பலன் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்தபோது, அதைப் போட்டுக்கொண்ட 2134 பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆகவே தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளும் பெண்கள் இந்தச் செய்தியால் அதை நிறுத்த வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

## ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மெட்ரோனிடசோல் சாப்பிட்டதும் வாடை போகும், கசிவு நிற்கும். ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது திரும்பிவிடும். மருந்து பொய் என்றோ, டாக்டர் சரியில்லை என்றோ, தன் உடம்பில்தான் ஏதோ குறை என்றோ அவர்கள் நினைக்கிறார்கள். காரணங்கள் வேறு:

1. படலம். ஆற்றுப்பாறையில் பாசி பிடிப்பதுபோலக் கார்ட்னரெல்லா உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு படலம் கட்டுகிறது. மற்றப் பாக்டீரியாக்கள் அதன்மேல் குடியேறுகின்றன. மருந்து மேலே மிதப்பவற்றைக் கொல்கிறது. அடியில் ஒட்டியிருப்பவை மிஞ்சுகின்றன.

2. காலியான இடம். கெட்டதைக் கொன்றுவிட்டால் மட்டும் நல்லது தானாக வளர்ந்துவிடாது. மருந்துக்குப் பிறகு அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடிப்பது நாம் மேலே பார்த்த இனெர்ஸ். அந்தக் காவல் நீண்ட நாள் தாங்காது.

3. துணைவர். முன்தோலுக்கடியிலும் சிறுநீர்த் துவாரத்திலும் இதே பாக்டீரியாக்கள் ஆண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் வாழ்கின்றன. உடலுறவில் அவை மறுபடி மனைவியிடம் வந்து சேருகின்றன.

மூன்றாவதைத்தான் தொடக்கத்தில் சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வு, அதாவது மெல்பர்ன் ஆய்வு, உறுதிசெய்தது. கணவர்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்த பழைய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அதனால் பல பத்தாண்டுகளாக ‘கணவருக்கு மருந்து வேண்டாம்’ என்பதே மருத்துவ வழக்கமாக இருந்தது. இம்முறை ஏழு நாட்கள் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு, ஆணுறுப்பில் பூச கிளின்டமைசின் கிரீமும் கொடுத்தார்கள். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் 12 வாரத்துக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்த குழுவில் 35. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்தார்கள். முன்தோல் நீக்கிய ஆண்களின் மனைவியருக்கு இந்தத் தொல்லை குறைவு என்று உகாண்டாவின் ராக்காய் ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்ததும் இதோடு பொருந்துகிறது.

இப்போது அந்தக் குடும்பச் சந்தேகத்துக்கு வரலாம். மெல்பர்ன் ஆய்வில் சேர்க்கப்பட்ட தம்பதிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மட்டுமே என்று வாழ்பவர்கள். அவர்களுக்கிடையேதான் இந்தப் பாக்டீரியாக்கள் போய் வந்துகொண்டிருந்தன. ஆகவே பாக்டீரியா வெஜினோசிஸ் வந்தது என்பது யாருடைய துரோகத்துக்கும் சாட்சி ஆகாது. உடலுறவு அதைக் கடத்துகிறது என்பதும் உண்மை, அதற்கு மூன்றாவது ஆள் தேவையில்லை என்பதும் உண்மை. கணவர் ஏழு நாள் மாத்திரையும் கிரீமும் எடுத்துக்கொள்வது மனைவியின் சிகிச்சையில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதை அவமானமாக நினைத்து மறுக்கும் ஆண், மனைவியை மறுபடி மறுபடி கிளினிக்குக்கு அலையவிடுகிறார்.

## கழுவுவதும் படிகாரமும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றவும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றவும், காவடிக்கு விரதமிருக்கவும் உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நம் ஆயாக்கள் சொல்லித் தந்தார்கள். அந்தப் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாடையும் கசிவும் வந்தால் அது ‘அழுக்கு’ என்று நினைத்து, பெண்கள் பெண்ணுறுப்புக்குள்ளே படிகாரத் தண்ணீர், வினிகர், உப்புத் தண்ணீர், வேப்பிலைக் கஷாயம், வீட்டிலிருக்கும் கிருமிநாசினி என்று எதையாவது விட்டுக் கழுவுகிறார்கள். குவாசுலு-நட்டாலில் ஜூலு இனப் பெண்களிடமும் உள்ளே பொருட்களை வைக்கும் வழக்கம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உலர்ந்து இறுக்கமாக இருந்தால் ஆணுக்குப் பிடிக்கும் என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் உண்டு.

உள்ளே கழுவும்போது லாக்டோபசிலஸ் அடித்துச் செல்லப்படுகிறது. அது செய்து வைத்த அமிலமும் போகிறது. பி.எச் ஏறுகிறது. கலவைக் கூட்டம் பெருகுகிறது. வாடை கூடுகிறது. வாடை கூடியதால் மறுபடி கழுவுகிறார்கள். கடுமையான திரவம் என்றால் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத காயமும் ஏற்பட்டு, அங்கே எச்.ஐ.வி.க்கும் வழி பிறக்கிறது. உள்ளே கழுவும் பழக்கமுள்ள பெண்களிடம் பாக்டீரியா வெஜினோசிஸ் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். தினமும் வெளிவரும் அந்தக் கசிவுதான் கழுவும் நீர்.

தயிர் வைக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். தயிரிலும் லாக்டோபசிலஸ் வகைப் பாக்டீரியா உண்டு என்றாலும், அது பாலில் வாழப் பழகிய வேறு இனம். பெண்ணுறுப்பில் நிலைத்துக் குடியேறாது. தயிரைச் சாப்பிடலாம், உள்ளே வைக்க வேண்டாம். ‘நல்ல பாக்டீரியா’ என்று விற்கப்படும் மாத்திரைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: எந்த இனம், எந்த ஆய்வில் நிரூபணம்? முறையான சோதனையில் பலன் காட்டியது கிறிஸ்பேட்டஸின் ஒரு குறிப்பிட்ட வகை. முதலில் மெட்ரோனிடசோல் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பாக்டீரியாவைப் பெண்ணுறுப்பிலேயே வைத்தார்கள். 12 வாரத்தில் நோய் திரும்பியவர்கள் 30 விழுக்காடு; வெற்று மருந்து வைத்தவர்களில் 45. 2020-இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் எந்த டப்பாவுக்கும் அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது.

## சுகர் உள்ளவர்களுக்கு

டர்பனின் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் நீரிழிவு, அதாவது நாம் சொல்லும் ‘சுகர்’, மிக அதிகம். பூஞ்சைத் தொற்று மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தால் சுகர் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிலருக்கு நீரிழிவு இருப்பதே அப்படித்தான் தெரியவருகிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் திசுக்களிலும் சிறுநீரிலும் கூடும். அது கேண்டிடாவுக்கு விருந்து. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை. பூஞ்சைத் தொற்று அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது.

## கிளினிக்கில் என்ன நடக்கிறது, என்ன கேட்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் அரசு கிளினிக்குகளில் 1990-களிலிருந்து அறிகுறி பார்த்து மருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. கசிவு என்று சொன்னதும் சிஸ்டர் ஓர் அட்டவணையைப் பார்த்து, இருக்கக்கூடிய பல தொற்றுகளுக்கும் சேர்த்து அன்றே மருந்து கொடுத்துவிடுவார். சோதனைக்கூட முடிவுக்காக டாக்சி பிடித்து மறுபடி வரத் தேவையில்லை என்பது இதன் பெரிய நன்மை. குறையும் பெரியது: அறிகுறி இல்லாதவர்கள் விடுபடுகிறார்கள், தேவையில்லாதவர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள்.

எந்த நோய் என்று பிரித்துச் சொல்ல எளிய வழிகள் உண்டு. 1983 முதல் பயன்படும் ஆம்செல் முறையில் நான்கு அடையாளங்கள்: மெல்லிய சாம்பல்நிறக் கசிவு, 4.5-க்கு மேற்பட்ட பி.எச், கசிவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி விட்டால் எழும் மீன் வாடை, மைக்ராஸ்கோப்பில், விளிம்பு தெரியாதபடி பாக்டீரியா அப்பிய செல்கள். நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியா வெஜினோசிஸ். பி.எச் காகிதம் மலிவானது. மருந்து எடுத்தும் திரும்ப வருகிறது என்றால் இவற்றைக் கேட்கலாம்:

1. இது மூன்றில் எது? பி.எச் பார்த்தீர்களா? மாதிரி எடுத்து அனுப்ப முடியுமா?

2. என் கணவருக்கும் மருந்து வேண்டுமா?

3. நான் கர்ப்பமாக இருந்தால் இந்த மருந்து சரியா? (ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்க்கிறார்கள், க்ளோட்ரிமசோல் வைப்பு மருந்து தருவார்கள்.)

4. நான் மாதவிடாய் நின்றவள். இது தொற்றா, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் வந்த வறட்சியா? (இரண்டாவது என்றால் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும், ஆன்டிபயாடிக் உதவாது.)

அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும். தொற்று கருக்குழாய்வரை ஏறியிருக்கலாம். கசிவில் இரத்தம் கலந்திருந்தாலோ, உடலுறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ, அதை வெள்ளைப்படுதல் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அது கருப்பை வாய்ப் புற்றுநோயாக இருக்கலாம். 30 வயதிலிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை என்று வாழ்நாளில் மூன்று முறை அரசு கிளினிக்கில் இலவசமாகப் பாப் ஸ்மியர் என்ற கருப்பை வாய்ச் செல் பரிசோதனை எடுத்துக்கொள்ளும் உரிமை தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு உண்டு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னும் அடிக்கடி. இரத்தம் கண்டவர்கள் அந்தப் பத்தாண்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே கேட்கலாம்.